கடலுயிரியலும் கணினியும் சேர்த்துப் படிக்க: ராமநாதபுரம் கரையோர மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் இருந்து கல்லூரிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். பகலில் விலங்கியல் படித்துக்கொண்டே கணினியோ தரவு அறிவியலோ இன்னொரு படிப்பாகச் சேர்த்துப் படிக்கலாம். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதற்கு வழிவிட்டது. ஆனால் எந்தச் சான்றிதழை எப்போது யாரிடம் கொடுப்பது, எந்தத் தேர்வு எதோடு மோதும் என்பதை ஒருவரும் ஒரே இடத்தில் சொல்வதில்லை. விலங்கியலுக்குப் பதில் பொருளியல், புவியியல் படிக்கிறவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும்.

1. மூன்று வழிகளில் எது என்று தீர்மானியுங்கள்

முதல் வழி செலவில்லாதது. உங்கள் இளங்கலைக்குள்ளேயே பிற துறை விருப்பப்பாடம் இருக்கும், மாணவர்கள் என்.எம்.இ. என்று சொல்வது. விலங்கியல் மாணவர்கள் பெரும்பாலும் நண்பர்கள் எடுப்பதையே எடுத்து இதை வீணாக்கிவிடுகிறார்கள். கணினித் துறையோ புள்ளியியலோ கொடுக்கும் பாடம் இருந்தால் அதை எடுங்கள்.

இதோடு சேர்வது ஒன்றிய அரசின் இலவச இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐஐடிகள் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்கள். 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பாடத்துக்கு ரூ.1000, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ரூ.500. மதிப்பெண் 100-இல் 25 வாரப் பயிற்சிக்கு, 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. பயிற்சியில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளைக் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே புயல் நாளில் இணையம் அறுந்து ஓரிரு வாரம் தவறினால் பயப்பட வேண்டாம். தொடக்க வாரங்களை மட்டும் விடாதீர்கள்.

இந்தப் பாடங்களின் மதிப்பை (கிரெடிட்) உங்கள் பட்டத்தில் சேர்க்க விதி இருக்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என்று 2021-இல் யுஜிசி ஒழுங்குமுறை வந்தது. ஆனால் அதைப் பல்கலைக்கழகம் ஏற்று, உங்கள் துறைத் தலைவரும் அந்தப் பாடத்தை ஒப்புக்கொண்டால்தான் மதிப்பெண் பட்டியலில் ஏறும். பாடத்தில் பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் வேலைக்கு ஆகாது.

இரண்டாவது வழி, தொலைநிலைக் கல்வியில் ஆறு மாதச் சான்றிதழோ ஓராண்டுப் பட்டயமோ. மூன்றாவது, முழுதாக இன்னொரு பட்டம்.

எங்கள் கருத்து வெளிப்படையானது: முதலாண்டில் முதல் வழியோடு நில்லுங்கள். ஒரு பன்னிரண்டு வாரப் பாடத்தை ஒழுங்காக முடிக்க முடிந்தவர் மட்டும் இரண்டாமாண்டில் முழுப் பட்டத்துக்குப் பணம் கட்டலாம். கல்லூரியில் சேர்ந்த அதே ஜூலையில் இரண்டு பட்டத்தையும் தொடங்குகிறவர்களில் பலர் முதல் ஒப்படைப்பிலேயே (அசைன்மென்ட்) நின்றுவிடுவதைப் பார்க்கிறோம்.

2. விதி எதை அனுமதிக்கிறது

ஒன்றை நேரடி வகுப்பிலும் மற்றதைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையில் படிக்கலாம். இரண்டையும் நேரடியாகவும் படிக்கலாம், வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. முனைவர் பட்டத்துக்கு இது பொருந்தாது. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்றவை தொலைநிலையில் செல்லாது. யாராவது அப்படி விற்றால் நம்பாதீர்கள்.

இங்கே பெரிய பொறி ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் அதன் எல்லாத் தொலைநிலைப் படிப்புக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, ஆண்டுவாரியாகவும் படிப்புவாரியாகவும் பட்டியல் வெளியிடுகிறது. நீங்கள் சேரும் ஆண்டு, சேரும் பருவம், சேரும் படிப்பின் முழுப்பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைச் சேர்க்கை நாளன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து வேலைக்குச் சான்று சரிபார்க்கும்போது அது கைகொடுக்கும்.

பேருந்து நிலையத்தைச் சுற்றி ஃப்ளெக்ஸ் கட்டி, ‘ஒரே வருடத்தில் டிகிரி’ என்பவர்களிடம் போகவே வேண்டாம். கற்றல் மையத்தைக் குத்தகைக்கு விடுவதை யுஜிசி தடைசெய்திருக்கிறது. கட்டணம் பல்கலைக்கழகத்தின் தளத்தில், உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணில் மட்டுமே கட்டப்பட வேண்டும்.

3. சான்றிதழ்கள்: இன்ஷியல்தான் முதல் எதிரி

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), கடவுச்சீட்டு அளவு புகைப்படம், கையெழுத்து ஸ்கேன். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் சேவைக் கட்டணம் ரூ.60. வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும். ஆகவே சேர்க்கை தொடங்குவதற்குச் சற்று முன்பு, மே மாத வாக்கில் எடுங்கள்.

இனிப் பெயர். மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கிக் கணக்கில் தந்தை பெயர் முழுதாக. நம் ஊரில் இது சர்வ சாதாரணம். கல்லூரிச் சேர்க்கையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் ஏ.பி.சி. எண்ணை (நீங்கள் தேறிய பாடங்களின் மதிப்பைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண், அபார் எண் என்றும் சொல்வார்கள்) டிஜிலாக்கரில் உருவாக்கும்போது ஆதாரில் உள்ள பெயர் அப்படியே ஏறிவிடும். பிறகு மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடும் இடத்தில் பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுபோகும். எனவே முதலில் ஆதாரில் பெயரையும் பிறந்த தேதியையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி திருத்துங்கள். அது முடிந்து சில வாரம் கழித்து ஏ.பி.சி. எண். அதன் பிறகே அடுத்த படி. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

டி.சி. அடுத்த சிக்கல். அசல் ஒன்றுதான் இருக்கிறது, அது நேரடிக் கல்லூரியில் போய்விடும். இரண்டாவது படிப்புக்கு அசல் டி.சி. கேட்கும் நிறுவனமாக இருந்தால் சேராதீர்கள், அல்லது நகல் போதும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகு சேருங்கள். கல்லூரியில் கொடுப்பதற்கு முன் எல்லா அசல்களையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல் ஐந்து செட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படிப்பில் சேர்ந்ததைக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். ஒளிக்க வேண்டிய விஷயமே இல்லை இது. ஒளித்தால்தான் வருகைப் பதிவு குறையும்போது பிரச்சினை வரும்.

4. தொலைநிலைச் சேர்க்கைக்கு டி.இ.பி. எண்

தொலைநிலை, இணைய வழிப் படிப்புகளில் சேர, மேலே சொன்ன யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டி.இ.பி. எண் கட்டாயம். அந்தத் தளத்தில் ஏ.பி.சி. எண்ணைக் கொடுத்தால் உருவாகும். கட்டணம் இல்லை, வாழ்நாளுக்கு ஒன்றே போதும். கணினி மையத்தில் வேறொருவரின் மின்னஞ்சலைப் போட்டு எடுத்துவிட்டால் பின்னால் கடவுச்சொல்லை மீட்க முடியாது. சொந்த மின்னஞ்சல், மாற்றப்போகாத கைப்பேசி எண், இரண்டும் இருந்தால் மட்டும் உட்காருங்கள்.

5. எங்கே சேர்வது, எவ்வளவு ஆகும்

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை. பி.சி.ஏ. போன்ற படிப்பில் செய்முறை உண்டு. அதற்கு வருகை கட்டாயம், ஆய்வகம் உள்ள கற்றல் மையம் வேண்டும். விண்ணப்பத்தில் வீட்டுக்குப் பக்கத்து மையம் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டாமல், அங்கே உங்கள் படிப்புக்குச் செய்முறை நடக்கிறதா என்று பேசித் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் செய்முறைக்கு மதுரை ஓட வேண்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியிலும் படிப்புகள் உண்டு, ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் அதைப் பாருங்கள்.

சென்னை ஐஐடியின் இணைய வழித் தரவு அறிவியல் பட்டத்துக்கு நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். நான்கு வாரத் தகுதிச் சுற்றைக் கடக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று பருவம். அடிப்படை நிலைக்கே சலுகை இல்லாமல் 30 ஆயிரத்துக்கு மேல் ஆகும். ஆனால் சாதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. மீன்பிடிக் குடும்பப் பிள்ளைகள் பலருக்கு இது கிடைக்கும், வருமானச் சான்று கையில் இருக்க வேண்டும். தேர்வுகள் நேரில்தான். கணிதம் கடினம் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

கட்டணம் என்றால் சேர்க்கைத் தொகை மட்டும் கணக்கில் வராது. ஆண்டுதோறும் மறுபதிவுக் கட்டணம், தாள்வாரியாகத் தேர்வுக் கட்டணம், மதுரைப் பயணம், ஒரு ராத்திரித் தங்கல், ஒப்படைப்புக் காகிதமும் தபாலும் தனித்தனியே வரும். மகளிர் இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டுமே, மதுரை போகும் புறநகர் வண்டிக்குக் கிடையாது. தேர்வு காலை அமர்வென்றால் தீவில் இருப்பவர்கள் முதல்நாளே கிளம்புங்கள். அமர்வைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் பிற்பகலை எடுங்கள்.

மாதம் ரூ.1000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் நேரடிப் படிப்புக்கு உரியவை, தொலைநிலைக்குக் கிடையாது. எனவே எந்த உதவித்தொகை விண்ணப்பத்திலும் நேரடிப் பட்டத்தையே காட்டுங்கள். ஒரே ஆண்டில் இரண்டு படிப்புக்கும் தனித்தனியே உதவித்தொகை கேட்கப் போய், உள்ளதையும் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

6. நாட்காட்டி

மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பருவத் தேர்வுகள் பொதுவாக நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். இக்னோவின் தேர்வுகள் டிசம்பரிலும் ஜூனிலும். பார்க்க மோதல் இல்லாதது போலிருக்கும். உண்மையில் மோதுவது ஒப்படைப்புதான். அதன் கடைசித் தேதி அக்டோபர், ஏப்ரல் மாத முடிவை ஒட்டி விழும், அதாவது கல்லூரித் தேர்வுக்குச் சற்று முன்னாலும் நடுவிலும். ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. ஒப்படைப்பு இல்லாமல் அந்தத் தாள் முடியாது. ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் எழுதி முடித்துவிடுங்கள். சமர்ப்பித்த ரசீதைப் படமெடுத்து வைக்காமல் நகராதீர்கள், மதிப்பெண் ஏறாமல் போவது அடிக்கடி நடக்கும்.

மறுபதிவு இன்னொரு பொறி. தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும் அடுத்த ஆண்டுக்கான மறுபதிவை நீங்களேதான் செய்ய வேண்டும். கடைசித் தேதி போய்விட்டால் படிப்பு தள்ளிப்போகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மின்சாரமும் இணையமும் போகும் மாதங்கள் இவை. இந்த மூன்று மாதத்தில் கடைசி நாளில் பதிவேற்றலாம் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரியில் 75 விழுக்காடு வருகை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டத்துக்காக முதல் பட்டத்தில் தேர்வெழுத முடியாமல் போனால் அந்த உழைப்புக்கு அர்த்தமே இல்லை.

7. இரண்டையும் ஒரே ஆய்வில் இணையுங்கள்

படிப்புகள் இரண்டும் தனித்தனியாக ஓடினால் உழைப்பு இரட்டிப்பாகும். கடைசி ஆண்டுத் திட்டக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தால் ஒரே உழைப்பு இரண்டு பக்கமும் பயன்படும். நம் கரையில் அதற்கு மூன்று நல்ல பொருள்கள் கிடக்கின்றன.

மீன் இறங்குதளக் கணக்கு. செலவு மிகக் குறைவு, பேனாவும் தராசும் போதும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்குப் பத்துப் படகு, பன்னிரண்டு வாரம் எடுத்தால் 240 படகுப் பதிவு சேரும். இளங்கலைக்கு அது தாராளம். தாளில் இருக்க வேண்டிய பத்திகள்: தேதி, இறங்குதளம், படகு வகை, வலை, கடலில் இருந்த மணி, மீனின் ஊர்ப்பெயர், அறிவியல் பெயர், எடை கிலோவில், ஏல விலை.

தவறுகள் எங்கே வரும்?

விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் வருவதாக நினைத்துக்கொள்வது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்பது நெடுநாள் வழக்கம். நீங்கள் போகும் கிழமை எப்போதும் ஒன்றாகவே இருந்தால் ஒரு வகைப் படகு உங்கள் கணக்கில் வராமலே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு இறங்காது. கட்டுரைக்கான களப்பணியை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தவர்களுக்கு மீனே கிடைக்காது. வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும்போது வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். இரண்டு கடலையும் ஒப்பிட நினைப்பவர் இரண்டு காற்றுக்காலத்திலும் எடுக்க வேண்டும்.

வெறும் வலையோடு திரும்பிய படகை எழுதாமல் விடுவது. அதற்கு எடை 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால் ‘பார்க்கவில்லை’ என்று பொருளாகிவிடும், சராசரி பொய்யாக உயரும். பெட்டிக் கணக்கைக் கிலோவாக மாற்ற, முதலில் பத்துப் பெட்டியை எடைபோட்டுச் சராசரி எடுங்கள். காரல் என்பது ஒரு மீன் அல்ல, ஒரு குடும்பம். சூடை என்பதும் பல இனங்களுக்குப் பொதுப்பெயர். ஊர்ப்பெயரை மட்டும் எழுதி வந்து வீட்டில் அறிவியல் பெயர் போடாதீர்கள். அங்கேயே அளவுகோலை வைத்துப் பக்கவாட்டில் படமெடுங்கள்.

கணினியில் ஏற்றும்போது தேதி தலைகீழாகும். 05-11 என்பதை மே 11 என்று எக்செல் எடுத்துக்கொள்ளக்கூடும். 2025-11-05 என்று ஆண்டை முன்னால் வைத்து அடியுங்கள். தமிழ் மீன் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ புரியாத எழுத்துகளாகவோ தெரிந்தால், பெரும்பாலும் கோப்பை யு.டி.எஃப்-8 ஆகச் சேமிக்கவில்லை என்று பொருள். ஒரு வரிசையில் ஒரு படகின் ஒரு மீன் மட்டும். கட்டங்களை ஒன்றாக இணைப்பது, வண்ணத்தால் குறிப்பது, இரண்டும் பிறகு பைத்தானில் படிக்கும்போது உயிரை எடுக்கும். மடிக்கணினி இல்லாதவர்கள் கூகுள் கொலாபில் கைப்பேசியிலேயே நிரலை ஓட்டலாம்.

கடல்பாசி வளர்ப்பு. கப்பாபைகஸ் பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 45 நாள் சுற்றில் வளர்க்கிறார்கள். விதைப்பாசியின் எடை, அறுவடை எடை, நாள் மூன்றும் கிடைத்தால் தினசரி வளர்ச்சி வீதத்தைக் கணக்கிடலாம்: அறுவடை எடையை விதை எடையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நாளால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 60 கிலோ 45 நாளில் 240 கிலோ ஆனால் வீதம் ஏறத்தாழ 3.1 விழுக்காடு. வியாபாரி சொல்லும் எடை உலர் எடை, மிதவையில் நிறுப்பது ஈர எடை. காய்ந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் கட்டுரை முழுவதும் பாழ்.

செயற்கைக்கோள் படம். தனுஷ்கோடி மணல்திட்டின் வடிவ மாற்றத்தைச் சென்டினல்-2 படங்களில் பார்க்கலாம். பத்து மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒரு படம், இலவசம். மணல் பருவக் காற்றோடு நகரும். ஜனவரிப் படத்தை ஆகஸ்ட் படத்தோடு ஒப்பிட்டு ‘அரிப்பு’ என்று எழுதாதீர்கள், அதே மாதத்தை ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள். மழைக்கால மேகத்தைத் தவிர்க்க பிப்ரவரி, மார்ச் நல்லது. பரப்பளவை அளக்குமுன் கியூஜிஐஎஸ் மென்பொருளில் மீட்டரில் அளக்கும் ஆயமுறையான யு.டி.எம். 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள், குறியீடு 32644. பாகையிலேயே அளந்தால் விடை வராது.

8. அனுமதி இல்லாமல் தொடக்கூடாதவை

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்துக் கரை ஒதுங்கியதை எடுத்துக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் குற்றம்தான். வலையில் வந்ததாகச் சொல்லிப் படகுக்காரர் அன்பாகக் கொடுப்பார், வாங்காதீர்கள். படம் மட்டும் எடுங்கள்.

ஆளில்லா விமானத்தை மறந்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, எதிரே பன்னாட்டு எல்லை. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் கருவி மட்டுமல்ல, நீங்களும் காவல் நிலையத்தில் உட்கார நேரும். வனத்துறை அனுமதி தேவைப்படும் தலைப்பென்றால் ஆறு மாதம் முன்பே துறைத் தலைவர் வழியாக விண்ணப்பியுங்கள். இளங்கலைக்கு அனுமதி தேவைப்படாத தலைப்பே புத்திசாலித்தனம். இறங்குதளத்தில் சங்கத் தலைவரிடம் கல்லூரிக் கடிதத்தைக் காட்டி, எந்தப் படகின் பெயரும் எண்ணும் கட்டுரையில் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விலையையும் கடலில் நின்ற இடத்தையும் கேட்கும்போது அண்ணன்மார் தயங்குவதற்குக் காரணம் உண்டு.

9. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது

முதுகலை ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் கவனம்: இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் கேட்பார்கள். விலங்கியல் இளங்கலைக்குப் பின் கணினியில் முதுகலை முடித்தவர் இரண்டு பாடத்துக்கும் தகுதியில்லாமல் நிற்க நேரும். ஆகவே ஆசிரியர் பணியை நினைக்கும் விலங்கியல் மாணவர்கள் விலங்கியலிலேயே முதுகலை போய், கணினியை இரண்டாம் இளங்கலையாகவோ பட்டயமாகவோ வைத்துக்கொள்வது நல்லது. தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையம் போன்ற இடங்களில் திட்டப்பணி விளம்பரம் வரும்போது, ‘விரும்பத்தக்க தகுதி’ என்ற வரியைப் படியுங்கள். தரவுப் பகுப்பாய்வோ புவியியல் தகவல் முறையோ அந்த வரியில்தான் வரும்.

விண்ணப்பத்தில் இரண்டு பட்டத்தின் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். சரிபார்ப்பவர் கேட்பார். யுஜிசியின் 2022 வழிகாட்டுதல் நகல், சேர்ந்த ஆண்டின் தொலைநிலை அங்கீகாரப் பட்டியல், கல்லூரி முதல்வருக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட நகல் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, பட்டச் சான்றிதழ்களோடு கொண்டுபோங்கள்.